ஜவுளிக்கடையில் ஸ்டூல் உண்டு, உட்கார அனுமதி இல்லை: சட்டப்படி என்ன செய்யலாம்?

கேள்வி: தென்காசித் தமையன்

வணக்கம். என் தங்கை சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுச்சேலைப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். கடைக்காரர்களே நடத்தும் விடுதியில் தங்கியிருக்கிறாள். காலை ஒன்பதரை மணிக்குத் தளத்துக்குப் போனால் இரவு பத்து மணிக்குத்தான் இறங்க முடிகிறது. ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஆனால் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு, மாதக் கடைசியில் சம்பளத்தில் நூறு, இருநூறு என்று பிடித்துக்கொள்கிறார்கள். கெண்டைக்கால் நரம்புகள் முறுக்கிப் புடைத்து, தலையணை மேல் காலைத் தூக்கி வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்கிறாள். நியமனக் கடிதம் எதுவும் தரவில்லை. 2021-இல் வந்த சட்டத்திருத்தம் இவளுக்குப் பொருந்துமா? புகார் கொடுத்தால் வேலையும் தங்கும் இடமும் ஒருசேரப் போய்விடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: சைதை வழக்கறிஞர்

பொருந்தும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதாவை 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் பேரவையில் கொண்டுவந்தார். வேலைக்கு நடுவே நேரம் வாய்க்கும்போது உட்கார்ந்துகொள்ளும்படி எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். எனவே ஸ்டூல் வாங்கிப் போட்டதோடு கடமை தீர்ந்தது என்று முதலாளி சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரம் எப்போது வாய்த்தது என்பதைத் தளத்தில் முடிவு செய்பவர் சூப்பர்வைசராக இருப்பதால், இதை மட்டும் எழுதிக் கொடுத்தால் ஆய்வுக்கு வருபவர் ஸ்டூல்களை எண்ணிவிட்டுப் போய்விடக்கூடும்.

ஆகவே வேலை நேரத்தையும் சம்பளப் பிடித்தத்தையும் புகாரின் முன்வரிசையில் வையுங்கள். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதே சட்டத்தின் வரம்பு. கடைகளை ஆண்டு முழுவதும் திறந்து வைக்க அனுமதிக்கும் அரசாணையும், மிகைநேரத்தைச் சேர்த்து நாளுக்குப் பத்தரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் நிறுத்தக் கூடாது என்று நிபந்தனை விதித்திருக்கிறது. மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். நீங்கள் சொல்லும் நேரத்தில் ஒரு மணி நேர உணவு இடைவேளையைக் கழித்தாலும் பதினொன்றரை மணி நேரம் வருகிறது. இது வாதம் தேவைப்படாத கணக்கு.

அபராதத்தைப் பொறுத்தவரை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்பதை அரசின் ஒப்புதலோடு முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். ஊழியரிடம் விளக்கம் கேட்ட பிறகே, அதுவும் அந்தக் காலத்து ஊதியத்தில் 3 விழுக்காட்டுக்கு மேற்படாமல்தான், பிடிக்கலாம். சட்டம் தந்த இருக்கையில் உட்கார்ந்ததற்கு அபராதம் என்று எந்த முதலாளியும் ஒப்புதல் கேட்கத் துணிய மாட்டார் என்று நினைக்கிறேன்.

வேலைநீக்கத்துக்கு வருகிறேன். ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது 41-ஆம் பிரிவு. மேல்முறையீட்டுக்கும் அதிலேயே வழி இருக்கிறது. நியமனக் கடிதம் தராதது முதலாளியின் குறையே தவிர உங்கள் தங்கையின் குறை அல்ல. அடையாள அட்டை, சீருடையோடு எடுத்த படம், விடுதி ரசீது ஆகியவற்றை இப்போதே சேர்த்து வையுங்கள்.

பதில்: பதினோரு வருடம் கவுண்டரில் நின்றவள்

தம்பி, வழக்கறிஞர் ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் விடுதியில் இருக்கும் பெண் தனியாகப் புகார் கொடுத்தால், 41-ஆம் பிரிவு அவளுக்குக் கைகொடுப்பதற்கு முன்பே அன்றிரவு அவள் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். கேரளத்தில் இந்த உரிமை கிடைத்ததே கூட்டாகக் கேட்டதால்தான்: கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி, கடைப் பெண்களைச் சேர்த்துப் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கி, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடினார், 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. (கழிப்பறைக்கு அனுப்ப மாட்டார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு எது முதலில் வேண்டும் என்று தெரியும்.) அதே தளத்தில் நான்கைந்து பேராவது சம்மதித்தால், பெயர்களை வெளியே விடாமல் தொழிற்சங்கம் மூலம் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். அதற்கு முன்னால் மாற்று இடம் பார்த்து வையுங்கள். பணிபுரியும் பெண்களுக்காக அரசு நடத்தும் ‘தோழி’ விடுதி தாம்பரத்தில் இருக்கிறது.

பதில்: மருந்தாளுநர்

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஊழியர் பங்கு 0.75 விழுக்காடு. பிடித்திருந்தால் காலுக்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே சிகிச்சை பெறலாம். மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், பங்களிப்பு நாட்கள் போதுமான அளவு இருக்கும்பட்சத்தில், ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். நெடுநேரம் நிற்பதால் கால் மோசமாகிறது என்று மருத்துவர் எழுதினால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தென்காசித் தமையன்

அனைவருக்கும் நன்றி. சம்பளத்தைக் கையில்தான் கொடுக்கிறார்கள், சீட்டு இல்லை. வருகைக்கு விரல்ரேகை இயந்திரம் இருக்கிறது, ஆனால் மாலை ஆறரைக்கே எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ‘அவுட்’ வைக்கச் சொல்லிவிட்டு, திரும்பத் தளத்துக்கு அனுப்புகிறார்களாம்.

பதில்: சைதை வழக்கறிஞர்

அப்படியானால் அந்த இயந்திரம் அவர்களுக்குத்தான் சாட்சி சொல்லும். இன்றிலிருந்து, தளத்தை விட்டு இறங்கியதும் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடச் சொல்லுங்கள். நாளும் நேரமும் தானாகப் பதிவாகும், அழிக்காதீர்கள். மாலை ஆறரைக்குப் பிறகு அவள் போட்ட பில்களில் விற்பனையாளர் எண்ணும் நேரமும் அச்சாகியிருந்தால் அவற்றின் எண்களைக் குறித்துக்கொள்ளட்டும். அவை கடையின் சொந்தப் பதிவு என்பதால் மறுப்பது கடினம். ஊதியம் வங்கிக் கணக்கில் வர வேண்டும் என்பதும் மேலே சொன்ன அரசாணையின் நிபந்தனை. அதையும் மனுவில் சேருங்கள். ஆடித் தள்ளுபடி முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம், மிகைநேரம் அதிகமாகப் பதிவாகப்போகும் மாதமே அதுதான்.