பழைய புரொஜெக்டர், ஏணி, சீரியல் செட்: உப்புக்காற்றுக் கரையில் கண்ட பழுதுகள்

தங்கச்சிமடம்

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் ராமநாதபுரம் கரைப் பக்கம் பரணிலிருந்து ஸ்டாரும் சீரியல் செட்டும் இறங்கும்போது, சில வீடுகளில் 16 எம்.எம். அகல பிலிம் ஓட்டும் பழைய புரொஜெக்டரும் கூடவே இறங்கும். எல்லாமே வருஷம் முழுக்க உப்புக்காற்றில் கிடந்தவை. இறக்குவதோ வடகிழக்குப் பருவமழை நேரத்தில். எடுத்த கையோடு பிளக்கைச் செருகிப் பார்க்கும் ஆசையில்தான் நிறைய மெஷின்கள் செத்துப்போகின்றன. அவரவர் பார்த்த பழுது, அதன் காரணம், சரிசெய்யும் வழி இவற்றை, ஊர்ப்பெயரை மேலே போட்டு எழுதுங்கள். நான் கரண்டு பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒளி பல்பைக் கழற்றிவிடுங்கள். பக்கவாட்டில் இருக்கும் குமிழைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கேட்டுக்குள் (பிலிம் வெளிச்சத்தைக் கடக்கும் வாய்) நகம் (பிலிமை இழுக்கும் கொக்கி) இறங்கி, இழுத்து, விலகுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இறுக்கமாக இருந்தால் கிரீஸ் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். மோட்டாரை வைத்து இழுக்காதீர்கள். அடுத்து, பிளக்கின் லைன், நியூட்ரல் இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துக்கொண்டு, அதற்கும் மெஷினின் இரும்பு உடம்புக்கும் நடுவே 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். மெஷின் சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மோட்டார் சுருளில் ஈரம் ஏறியிருக்கிறது. ஒரு மரப்பெட்டிக்குள் மெஷினை வைத்து, பக்கத்தில் 60 வாட் குண்டு பல்பை ஒரு ராத்திரி எரியவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலும் ஏறிவிடும்.

அதற்குப் பிறகும் நேராக மெயினில் போடக் கூடாது. எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சீரிஸ் போர்டில் 100 வாட் குண்டு பல்பு வழியாகக் கொடுங்கள். பல்பு மங்கலாக எரிந்து மோட்டார் முனகினால் பரவாயில்லை. முழு வெளிச்சத்தில் எரிந்து அப்படியே நின்றால் எங்கோ ஷார்ட். முதல் சந்தேகம் மோட்டார் கெப்பாசிட்டர்மேல்தான்.

ஒளி பல்பைக் கடைசியில் மாட்டுங்கள். ஹாலஜனைத் துணியால்தான் பிடிக்க வேண்டும். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் குவார்ட்ஸ் கண்ணாடி சூடேறி உப்பிவிடும்.

கீழக்கரை

எங்கள் ஊருக்கு வந்துசேரும் மெஷின்களில் வேறொரு சிக்கல். சவூதியிலிருந்து வந்தவை 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கரண்டுக்குச் செய்தவை. டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்ட்டேஜைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஹெர்ட்ஸை டிரான்ஸ்பார்மர் மாற்றாது. நம் 50 ஹெர்ட்ஸில் அந்த மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டியது 20 ஆகிவிடும். படத்தைவிடக் குரலில் உடனே தெரியும், ஆள் பேசுவது இழுத்துக்கொண்டு போகும்.

மோட்டார் புல்லியை 1.2 மடங்கு பெரிதாக்குவதுதான் வழி. 20 மி.மீ. புல்லி என்றால் லேத்தில் கொடுத்து 24 மி.மீ.க்குக் கடைந்து வாங்க வேண்டும். விட்டத்தை வெளி விளிம்பில் அளக்காதீர்கள், பெல்ட் உட்காரும் பள்ளத்தில் அளந்து கொடுங்கள். சில மெஷின்களில் 50, 60 என்று இரண்டு பள்ளம் ஏற்கெனவே இருக்கும். மூடியைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு லேத்துக்குப் போகலாம்.

1,000 வாட் பழைய பல்பு உள்ள மெஷினுக்கு 1.5 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் வேண்டும். கடையில் விலை குறைவாகக் கிடைப்பது ஆட்டோ டிரான்ஸ்பார்மர். அது வோல்ட்டேஜைக் குறைக்குமே தவிர மெயினிலிருந்து பிரிக்காது. பிளக் மாறினால் மெஷின் உடம்பே ஷாக் அடிக்கலாம். எர்த் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டரிலும் வேண்டாம். சதுர அலை தருகிற இன்வெர்ட்டரில் மோட்டார் சூடேறும், ஆம்ப்ளிபயர் இரையும்.

பாம்பன்

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) புல்லியைச் சொன்னார். நான் பெல்ட்டைச் சொல்கிறேன். பழைய பாலியூரிதேன் பெல்ட் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்தால் உருகி, தொட்டால் ஒட்டும் தார்போல ஆகிவிடும். பழைய எட்டு எம்.எம். மெஷின்களில் இது சகஜம். மூடியைத் திறந்ததும் கறுப்புப் பிசின் கண்ணில் பட்டால் மோட்டாரை ஓட்டவே கூடாது. பிசின் எல்லாச் சக்கரத்துக்கும் பரவும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை பட்ஸில் தொட்டு, பள்ளம் பள்ளமாக எடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. அரை நாள் போய்விடும்.

பெல் அண்ட் ஹோவெல் ஆட்டோலோட் மெஷின் வைத்திருப்பவர்கள் வார்ம் கியரை (திருகு வடிவப் பல்சக்கரம்) பாருங்கள். அது பிளாஸ்டிக், உள்ளே இரும்புத் தண்டு. வருஷம் போகப் போக பிளாஸ்டிக் சுருங்கி, தண்டைச் சுற்றி நீளவாக்கில் வெடிக்கும். வெடித்தபின் ஓட்டினால் கடகடவென்று சத்தம் வந்து நின்றுவிடும். பசை போட்டு ஒட்டுவது இரண்டு ரீலுக்குக்கூடத் தாங்காது. புது கியர் போட்டு, நகமும் ஷட்டரும் (பிரேம் நகரும்போது வெளிச்சத்தை மறைக்கும் தகடு) ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி டைமிங் சரிசெய்ய வேண்டும். டைமிங் தப்பினால் வெள்ளை எழுத்துகள் மேலோ கீழோ ஒழுகுவது மாதிரித் தெரியும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வேண்டுகோள்: தேங்காயெண்ணெய் விடாதீர்கள். காய்ந்து பிசுக்காகி, உப்பும் தூசியும் சேர்ந்து அரைக்க ஆரம்பிக்கும். தையல் மெஷின் எண்ணெய், ஒரு துளைக்கு ஒரு சொட்டு. கேட்டில், பிலிமை அதோடு அழுத்தும் பிரஷர் பிளேட்டில் எண்ணெயே படக் கூடாது.

அந்தக் கேட்டைச் சுரண்ட ஸ்க்ரூடிரைவரும் பிளேடும் ஆகாது. ஒரு கீறல் விழுந்தால், அதற்குப் பிறகு ஓடுகிற ஒவ்வொரு படத்திலும் அந்தக் கோடு விழும். நம்ம ஊரில் பனை ஈர்க்குக்குப் பஞ்சமா? நுனியைச் சப்பையாகச் சீவி, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சைச் சுற்றித் தேய்த்தால் இறுகிய எமல்ஷன் (பிலிமின் படப்பூச்சு) துகள் வந்துவிடும். ஒவ்வொரு ரீலுக்குப் பிறகும் ஒருமுறை.

தேவிபட்டினம்

மெஷின் நின்றுபோனால் மறுபடி ஓட்டலாம். பிலிம் போனால் போனதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

டப்பாவைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை வந்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. ஈரமும் வெப்பமும் அதைக் கிளப்பிவிடும். அதில் வெளிவரும் அசிட்டிக் அமிலமே அடுத்த சிதைவைத் தூண்டும் என்பதால் போகப் போக வேகம் கூடும். காற்றுப் புகாமல் இறுக்கி மூடி வைப்பது பாதுகாப்பு என்று நினைத்தால் அமிலத்தை உள்ளேயே அடைத்துவைக்கிறீர்கள். வாடை வரும் ரீலை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்று போய்வரும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். தகர டப்பா உப்புக்காற்றில் துருப்பிடித்து, துருவே பிலிமில் ஒட்டும்.

ஓட்டலாமா கூடாதா என்பதை மூக்கை வைத்து முடிவுசெய்ய முடியாது, சுருக்கத்தை அளக்க வேண்டும். 16 எம்.எம். பிரிண்டில் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு 7.62 மி.மீ. அப்படியானால் 100 பிரேம் 762 மி.மீ. இருக்க வேண்டும். மேஜைமேல் தளர்வாக நீட்டி, எஃகு ஸ்கேலால் அளந்து பாருங்கள். 754 வந்தால் ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது. பல்சக்கரம் துளையைக் கிழிக்கும். அந்த ரீலை மெஷினில் ஏற்றாதீர்கள். முக்கியமான படமென்றால் ஸ்கேன் செய்கிறவர்களிடம் கொடுங்கள்.

காடி வாடை எல்லாப் பிலிமிலும் வராது. பாலியெஸ்டர் பிலிம் இப்படிச் சிதைவதில்லை. ரீலை விளக்குக்கு நேராகப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவினால் பாலியெஸ்டர், அடைத்தால் அசிடேட். ஆனால் பாலியெஸ்டர் எளிதில் அறாது, மெஷினில் சிக்கினால் கியர்தான் உடையும்.

நிறம் செம்மை பாய்ந்த பிரிண்ட் நிறையக் கிடைக்கும். நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கி, சிவப்பு மட்டும் மிஞ்சுவதால் அப்படி. மெஷினில் எதைத் திருகினாலும் திரும்பாது.

யாராவது பழைய டூரிங் டாக்கீஸ் சரக்கு என்று 35 எம்.எம். ரீல் கொண்டுவந்தால் ஓரத்தைப் பாருங்கள். 1950-களின் தொடக்கம்வரை 35 எம்.எம்.மில் நைட்ரேட் பிலிம் புழக்கத்தில் இருந்தது. பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். ஓரத்தில் சேஃப்டி என்ற அச்சு இல்லாவிட்டால் வீட்டுக்குள் வைக்கவே கூடாது. 16 எம்.எம். எப்போதும் சேஃப்டி பிலிம்தான், அந்தப் பயம் வேண்டாம்.

உச்சிப்புளி

ஒரு கேள்வி. படம் திடீரென்று குதிக்கிறது, அதோடு உதட்டசைவும் குரலும் பிரிந்துபோகிறது. இரண்டும் ஒரே பழுதா?

பாம்பன்

ஒன்றுதான் தம்பி. கீழ் லூப் (கேட்டுக்குக் கீழே பிலிம் தளர்வாக வளைந்து நிற்கும் இடம்) போய்விட்டது. 16 எம்.எம்.மில் ஒரு பிரேமுக்கு உரிய ஒலி, 26 பிரேம் முன்னால் பதிந்திருக்கும். கேட்டுக்கும், ஒலியைப் படிக்கும் இடத்தில் உள்ள உருளையான சவுண்டு டிரம்முக்கும் இடையே அந்த 26 பிரேம் தூரத்தைக் காப்பது கீழ் லூப்தான். கிழிந்த துளை வரும்போது நகம் தவறி லூப் சுருங்கும். நிறுத்தி லூப்பை மறுபடி போட்டால் போதும். அதே இடத்தில் மறுபடி குதித்தால் அங்கே துளை கிழிந்திருக்கிறது, டேப் போட வேண்டும்.

மண்டபம்

ஏணியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. புரொஜெக்டர் ஆளைக் கொல்வது அபூர்வம்.

சாத்து ஏணிக்கு நாலுக்கு ஒன்று கணக்கு: மேலே சாயும் இடம் 12 அடி உயரமென்றால் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி. மொட்டைமாடிக்கு ஏறுவதென்றால் கைப்பிடிச்சுவருக்கு மேலே மூன்று படி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இறங்கும்போது பிடிக்க அதுதான் கிடைக்கும்.

நம் மணலில் இந்தக் கணக்கு மட்டும் உதவாது. ஏணி நிறுத்தும்போது நேராக நிற்கும்; ஆள் பாதி ஏறியதும் ஒரு கால் மட்டும் இறங்கும். இரண்டு கால்களும் உட்காரும்படி இரண்டங்குலக் கனத்தில் ஒரே பலகை போட்டு, கால் பின்னால் வழுக்காமலிருக்க அதில் குறுக்குச் சட்டம் அடியுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனிச் செங்கல் வைப்பது பலகைக்கு ஈடாகாது.

மேல்முனை சாயும் சுவரைத் தட்டிப் பாருங்கள். உப்பு பொரிந்த பூச்சு என்றால் ஏணியோடு சேர்ந்து கழன்று வரும். கட்டுவதாக இருந்தால் தூணில் கட்டுங்கள், பி.வி.சி. குழாயில் கட்டாதீர்கள். தென்னையில் லைட் சுற்றுகிறவர்கள் ஒற்றைப் படியை மரத்தில் சாய்த்தால் ஏணி உருளும். மேல் படிக்குப் பக்கத்தில் இரண்டு சட்டத்துக்கும் நடுவே தடித்த கயிற்றைக் கொஞ்சம் தொய்வாகக் கட்டி, அந்தக் கயிறு மரத்தை அணைக்கும்படி சாத்துங்கள். பிறகு மரத்தைச் சுற்றி ஒரு கட்டு.

அலுமினிய ஏணியில் ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் உப்பு தின்ன ஆரம்பித்துவிட்டது. படியைக் கையால் திருகிப் பாருங்கள், அசைந்தால் எடைக்குப் போடலாம். சர்வீஸ் வயர் போகும் பக்கம் அலுமினியமே வேண்டாம். மூங்கில் ஏணி நல்லது, ஆனால் நனைந்த மூங்கிலும் கரண்டைக் கடத்தும். அதற்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், வெடிப்பு தெரியாமல் மூடிக்கொள்ளும்.

தொண்டி

சீரியல் செட். பாக் நீரிணைப் பக்கம் இருக்கும் எங்களுக்கு டிசம்பரில் வாடைக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில்தான் இந்தத் தொல்லை அதிகம், அதனால் கீழக்கரையில் மூன்று வருஷம் ஓடும் செட் இங்கே ஒரு சீசனுக்கு மேல் ஓடினால் ஆச்சரியம்.

பழைய குண்டு சீரியலில் ஆறு வோல்ட் பல்பு 40 என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5.75 வோல்ட்டில் எரியும். போன பல்பை எடுத்துவிட்டு வயரை முறுக்கி விடுகிறார்கள். நாலு பல்பு குறைந்தால் மீதிக்கு 6.4 வோல்ட். பளிச்சென்று எரியும், அடுத்தடுத்து போகும். பல்புக்குப் பதில் பல்பைத்தான் போட வேண்டும்.

எல்.இ.டி. செட்டும் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். விலை குறைந்த செட்டுகளில் 230 வோல்ட் நேராக ஓடுகிறது. வாசல் கிரில்லில் சுற்றினால் உரசிய இடத்தில் கிரில்லே கரண்டு. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) இல்லாத லைனிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது. மழையன்று அது அடிக்கடி விழுந்தால் அதைத் தாண்டி ஜம்பர் போடாமல், செட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஈரத்தில் ஒவ்வொரு செட்டும் கொஞ்சம் கொஞ்சம் கசியும், சேர்ந்தால் விழும்.

வயர் நுனியைச் சீவினால் பச்சைக் களிம்போ கறுப்போ தெரியும். பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டித் தள்ளுங்கள். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. பற்றவைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். கறுப்பு டேப் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கத்தான் உதவும். கண்ட்ரோல் பாக்ஸை வயர்கள் கீழ்ப்பக்கம் வரும்படி தொங்கவிடுங்கள். கட்டுவதற்குத் தங்கூசி (நைலான்) நரம்பு வேண்டாம், காற்றில் ஆடி ஆடி இன்சுலேஷனை அறுத்துவிடும். பழைய வலைக்கயிறு போதும்.

12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் மாட்டுகிறவர்களுக்கு: 5 மீட்டர் ஸ்ட்ரிப் மீட்டருக்கு 14.4 வாட் என்றால் 6 ஆம்பியர். 10 மீட்டர் தள்ளி 1 சதுர மி.மீ. வயரில் கொடுத்தால் வழியிலேயே 2 வோல்ட் போகும், கடைசிப் பகுதி மங்கும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.8 வோல்ட்.

ராமேஸ்வரம்

தொண்டி அக்கா சொன்ன செட்டையும் புரொஜெக்டரையும் ஒரே மாடியில் போட்டால் வரும் கதை தனி. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். ஆம்ப்ளிபயர் கெட்டுவிட்டது என்று பிரித்துவிடாதீர்கள். சவுண்டு டிரம் பக்கத்தில் ஒளியைப் படிக்கும் செல் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் கரண்டில் எரியும் விளக்கு நொடிக்கு 100 தரம் துடிப்பதை அது ஒலியாகவே படிக்கும். டிரம்மைக் கறுப்புத் துணியால் மூடிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் வெளிச்சம்தான் காரணம், சீரியலைத் தள்ளி வையுங்கள். நிற்காவிட்டால் எர்த்தையும் பில்டர் கெப்பாசிட்டரையும் பாருங்கள். ஓடி ஓடி மின்னும் மோடில் வைத்தால் டக் டக் என்று வேறு கேட்கும். அது கண்ட்ரோல் பாக்ஸ் லைனில் விடும் குப்பை. வேறு சர்க்யூட்டிலிருந்து எடுங்கள்.

திரைக்குத் தூரம்: லென்ஸ் மி.மீ. பெருக்கல் படத்தின் அகலம், வகுத்தல் 9.65. 50 எம்.எம். லென்ஸில் ஒன்றரை மீட்டர் அகலப் படத்துக்கு 7.8 மீட்டர் வேண்டும். 38 எம்.எம். என்றால் 5.9. மாடி சின்னது என்றால் லென்ஸை முதலில் தேடுங்கள்.

திரைத் துணியை இரண்டு ஏணிக்கு நடுவே கட்டுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். 2 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் துணியில் மணிக்கு 36 கி.மீ. காற்று அடித்தால் சுமார் 20 கிலோ தள்ளும். கைப்பிடிச்சுவரில் கட்டுங்கள், இல்லையென்றால் சுண்ணாம்பு அடித்த சுவரே போதும்.

படம் முடிந்ததும் பல்பை மட்டும் அணைத்து, மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். சூடான இழையோடு மெஷினைத் தூக்கினால் அடுத்த முறை பல்பு எரியாது.

உச்சிப்புளி

எடுத்து வைக்கும்போது பெட்டிக்குள் அரிசி போட்டு வைக்கலாமா?

தேவிபட்டினம்

வேண்டாம். அரிசித் தூள் லென்ஸிலும் கியரிலும் ஏறும், வண்டு வரும். ஆரஞ்சு சிலிக்கா ஜெல் கால் கிலோ, துணிப்பையில். பச்சையானதும் சட்டியில் மிதமான தீயில் ஆரஞ்சு திரும்பும்வரை வறுத்து மறுபடி போடலாம். சமையலுக்கு அந்தச் சட்டி ஆகாது. லென்ஸைக் கழற்றித் தனி டப்பாவில் வையுங்கள், பூஞ்சை அங்கேதான் முதலில் ஏறும். பெல்ட்டையும் கழற்றிவிடுங்கள். பிலிமைப் பரணில் ஏற்றாதீர்கள், ஓட்டுக்கும் தளத்துக்கும் கீழே சூடு அதிகம். தரையோடு ஒட்டிய அலமாரியில், வெளிச்சுவரில் படாமல்.