வெராகிரிப்ட் கண்டெய்னர்: ஆர்சிங்க் மட்டும் போதுமா?

காவிரிக்கரை: வெராகிரிப்ட் மென்பொருளில் உருவாக்கும் கண்டெய்னரை, அதாவது பல கோப்புகளை உள்ளே வைத்துக் கடவுச்சொல்லால் பூட்டிய ஒற்றைக் கோப்பை, பேக்கப் எடுப்பது பற்றி இரவுப்பறவை நேற்று எழுதியது: “கண்டெய்னரும் ஒரு கோப்புதான். தினமும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை ஓட்டினால் பேக்கப் முடிந்தது.” படித்ததும் கோபம் வந்தது. கண்டெய்னருக்குள் எவ்வளவு எழுதினாலும் அதன் திருத்த நேரம் மாறாது. வெராகிரிப்ட் இயல்பாகவே அப்படித்தான் வைத்திருக்கிறது. அளவும் மாறாது. கோப்பு மாறியதா என்று அறிய ஆர்சிங்க் இயல்பாகப் பார்ப்பது அந்த இரண்டையும்தான். இரண்டும் அப்படியே இருந்தால் தொடாமல் போய்விடும்.

இரவுப்பறவை: ஆறு வருடமாக ஓட்டுகிறேன். ஒரு நாளும் பிழைச்செய்தி வந்ததில்லை.

காவிரிக்கரை: பிழைச்செய்தி எப்படி வரும்? அதன் கணக்கில் வேலையே இல்லையே! எனக்கு 40 ஜிபி கண்டெய்னர். வட்டு போனதும் நகலைத் திறந்தேன். மூன்று மாதத்துக்கு முந்தைய கோப்புகள்தான் இருந்தன. அப்பாவின் மருத்துவ அறிக்கைகள் எல்லாம் போயின. திருத்த நேரம் மாறாது தம்பி, அதுதான் விஷயம்.

இரவுப்பறவை: நான் உங்களுக்குத் தம்பி இல்லை. வெராகிரிப்ட் அமைப்புகளில் திருத்த நேரத்தை மாறாமல் வைக்கும் டிக்கை எடுத்துவிட்டால் நேரம் மாறும். இல்லையென்றால் ஆர்சிங்கில் செக்சம் போட்டு உள்ளடக்கத்தையே ஒப்பிடலாம். இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

காவிரிக்கரை: டிக்கை எடுக்கவேண்டும் என்று நேற்று எழுதினீர்களா? இல்லை. “முடிந்தது” என்றுதான் எழுதினீர்கள். புதிதாக வருகிறவர் அதை நம்பிவிடுவார்.

சுடர்மதி: இன்னொன்று. கண்டெய்னரை அப்படியே நகலெடுத்தால் உள்ளே இருக்கும் மாஸ்டர் கீயும் (தரவை உண்மையில் பூட்டும் சாவி) அதேதான். நீங்கள் கடவுச்சொல்லை மாற்றினாலும் பழைய நகல் பழைய கடவுச்சொல்லுக்கே திறக்கும். பேக்கப் வட்டில் புதிதாக ஒரு வால்யூம் (பூட்டிய சேமிப்பிடம்) உருவாக்கி, இரண்டையும் திறந்துவைத்துக் கோப்புகளை நகலெடுக்கச் சொல்கிறது வெராகிரிப்ட் ஆவணம். மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்கிறவர்கள் இதைப் படிக்கவேண்டும்.

பழையகணினி: அது குறியாக்கம். மறையாக்கம் அல்ல.

சுடர்மதி: மறைப்பதால் மறையாக்கம். போன மாதமும் இதே சண்டையைத்தான் இழுத்தீர்கள்.

பழையகணினி: போன மாதமும் நான் சொன்னதுதான் சரி. லினக்ஸில் வட்டையே குறியாக்கம் செய்யும் லக்ஸ் இருக்கும்போது எதற்கு இந்தக் கண்டெய்னர்? ஹெடரை (சாவி விவரம் இருக்கும் தொடக்கப் பகுதியை) மட்டும் தனியாக எடுத்துவைத்தால் நிம்மதி.

காவிரிக்கரை: ஹெடர் பேக்கப் பூட்டைத்தான் காப்பாற்றும், உள்ளே இருக்கும் தரவை அல்ல. பேச்சை மாற்றாதீர்கள். திருத்த நேரம்!

இரவுப்பறவை: 2014 மே மாதம் வெராகிரிப்டின் முன்னோடியான ட்ரூகிரிப்ட் நின்றபோது “எல்லோரும் விண்டோஸின் பிட்லாக்கருக்குப் போங்கள்” என்று இங்கே எங்களை விரட்டியவரும் காவிரிக்கரைதான். இன்று வெராகிரிப்டுக்கு வாத்தியார்!

காவிரிக்கரை: பாதுகாப்பில்லை என்று ட்ரூகிரிப்ட் தளமே சொன்னது. விண்டோஸ்காரர்களை பிட்லாக்கருக்கு மாறச் சொன்னதும் அதுதான். நான் அதை எடுத்துச் சொன்னேன், அன்று சொன்னது தப்பில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பன்னிரண்டு வருடக் கதையைத் தோண்டுகிறீர்கள்.

சுடர்மதி: எந்த வழியானாலும் கண்டெய்னரை மூடிவிட்டு நகலெடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்தால் நகல் பாதியில் சிதைந்திருக்கலாம்.

இரவுப்பறவை: அது எனக்கும் தெரியும்.

காவிரிக்கரை: தெரிந்தால் சரி. இன்று இரவு உங்கள் நகலைத் திறந்து, நேற்று சேர்த்த கோப்பு ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

இரவுப்பறவை: உங்களுக்கு நான் எதையும் நிரூபிக்கவேண்டியதில்லை.

காவிரிக்கரை: எனக்கு வேண்டாம். திறந்து பாருங்கள். நேரம் மாறியிருக்காது.

பழையகணினி: குறியாக்கம்.