ரெய்டில் மீட்கப்பட்ட பெண்கள் ஏன் அதே தெருவுக்குத் திரும்புகிறார்கள்?

தென்றல்:
பாலியல் தொழில் நடக்கும் இடங்களில் ரெய்டு நடக்கிறது, பெண்களைக் காப்பகத்துக்கு அனுப்புகிறார்கள். வெளியே வந்ததும் பலர் பழைய இடத்துக்கே போய்விடுகிறார்கள். 'வறுமை' என்று ஒரே சொல்லில் முடிப்பது போதவில்லை. எங்கே பிசகுகிறது? 2022-இல் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் சட்டபூர்வமாக்கிவிட்டது என்கிறார்களே, அது சரியா?

கணக்கன்:
முதலில் கடனைப் பாருங்கள். கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியான சோனாகாச்சியில் 'சுக்ரி' என்றொரு முறை. பெண்ணைக் கொண்டுவந்த தரகருக்கு வீட்டுக்காரி (தொழில் நடக்கும் வீட்டை நடத்துபவர்) கொடுத்த பணம் அந்தப் பெண்ணின் தலையில் கடனாக ஏறும். அது தீரும்வரை அவள் சம்பாதிப்பதெல்லாம் வீட்டுக்காரிக்குத்தான். அடுத்த நிலை 'ஆதியா': வருமானத்தில் பாதி அவளுக்கு, பாதி வீட்டுக்காரிக்கு. ரெய்டு இந்தக் கடனைத் தொடுவதே இல்லை. காப்பகத்தில் இருக்கும் மாதங்களில் பிள்ளைக்கு அனுப்பும் பணம் நின்றுபோகும், வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வெளியே வந்த அன்றைக்கு அவளை நம்பிக் கைமாற்று தருபவர் அதே வீட்டுக்காரிதான். தையல் கற்றுக்கொடுத்து அனுப்பினால் போதும் என்ற திட்டங்கள் தோற்பது இங்கேதான்.

வழி கண்டவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். பாலியல் தொழிலாளர்களே சேர்ந்து 1995-இல் உஷா கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். உறுப்பினர் நன்னடத்தை உள்ளவராக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. 'இல்லத்தரசி' என்று எழுதிக்கொடுங்கள் என்றார்கள். பெண்கள் மறுத்தார்கள், விதிதான் மாறியது. சேமிப்பு, குறைந்த வட்டிக் கடன் இரண்டும் கைக்கு வந்தால்தான் வட்டிக்காரரின் பிடி தளரும்.

சட்டப்பலகை:
தீர்ப்பைப் பற்றி. 1956-ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் அப்படியே இருக்கிறது. வயது வந்த பெண் தன் விருப்பத்தோடு தனியாகச் செய்வது அதில் குற்றமில்லை. பாலியல் தொழில் விடுதி நடத்துவது (பிரிவு 3), பிறர் வருமானத்தில் பிழைப்பது (4), தொழிலுக்கு ஆள் பிடித்து வருவது (5), பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பது (8) குற்றம். 2022 மே 19 உத்தரவில், உச்ச நீதிமன்றமே அமைத்த குழுவின் பரிந்துரைகளில் மத்திய அரசுக்கு ஆட்சேபம் இல்லாதவற்றை மட்டுமே நீதிமன்றம் அமல்படுத்தச் சொன்னது. 'சட்டபூர்வமாகிவிட்டது' என்ற தலைப்புச் செய்திகள் தவறு.

ரெய்டில் கவனிக்க வேண்டியவை: சோதனைக்குப் போகும் அதிகாரியுடன் 2 பெண் போலீசாராவது இருக்க வேண்டும். மீட்கப்பட்டவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, வயதையும் பின்னணியையும் விசாரிக்க வேண்டும். பாதுகாப்பு தேவை என்று முடிவானால் 1 முதல் 3 ஆண்டு வரை காப்பகத்தில் வைக்கலாம். பெரிதும் கோட்டை விடப்படுவது அதே சட்டத்தின் பிரிவு 17ஏ: பெற்றோரிடமோ கணவரிடமோ ஒப்படைக்கும் முன் அவர்கள் உண்மையானவர்களா, பராமரிக்கக்கூடியவர்களா என்று தொண்டு நிறுவனம் மூலம் விசாரிக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். விற்றவரே 'மாமா' என்று வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகாமல் தடுக்க இந்த விசாரணை வேண்டும். வழக்கறிஞர் இதை எழுத்தில் கேட்க வேண்டும்.

தென்றல்:
நன்றி. அடையாள அட்டையே இல்லாதவர்கள் என்ன செய்வது?

சட்டப்பலகை:
அதே உத்தரவில் வழி இருக்கிறது. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் சான்று கொடுத்தால், முகவரிச் சான்று இல்லாமலே ஆதார் பெறலாம். தொழிலைக் காட்டும் குறியீடு எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. போலீசுக்குப் பயந்து ஆணுறை வைத்துக்கொள்ளாமல் விட்டால் எச்.ஐ.வி. தொற்றுவது அந்தப் பெண்ணுக்கு மட்டுமில்லை. ஆதார் வந்த கையோடு வங்கிக் கணக்கும் ரேஷன் அட்டையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.