டெல்லிக் குளிரிலிருந்து அந்தமானுக்கு: ஜனவரி ஏற்ற மாதமா?

கேள்வி: டெல்லியின் ஜனவரி மூடுபனியும் எலும்பைத் துளைக்கும் குளிரும் அம்மாவின் மூட்டுவலியை அதிகப்படுத்துவதால், ஒரு வாரம் அந்தமானில் அலைச்சலின்றி ஓய்வெடுக்க விரும்புகிறோம். அங்கே அப்போது மழை தொல்லை தருமா? எந்தத் தீவில் தங்கலாம்?

மறுமொழி: வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்து, கடல் அமைதியாக இருக்கும் காலம் அது, பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். தீவு தீவாகத் தாவாமல், 2018இல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக்கிலேயே தங்கிவிடுங்கள். அதன் மேற்குக் கரையிலுள்ள ராதாநகர் கடற்கரையில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடுவதால், டெல்லிப் பழக்கத்தில் நிதானமாகத் தேநீர் அருந்திவிட்டுக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

மற்றொரு மறுமொழி: மூடுபனியால் டெல்லி விமானம் தாமதமானால், அடுத்த விமானத்தோடு ஹேவ்லாக் கப்பலும் கைநழுவிப் போகும். ஆகவே முதல் நாள் மதியமே புறப்பட்டுச் சென்னையில் இரவு தங்கி, மறுநாள் காலை, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்தமான் தலைநகரான போர்ட் பிளேருக்குச் செல்வதே உத்தமம். கப்பலில் ஏறி இறங்க அம்மாவுக்குக் கைத்துணை அவசியம்.

கேட்டவர்: மிக்க நன்றி ஐயா. சென்னையில் சித்தி வீடு இருப்பதால் அவ்வாறே பயணச்சீட்டு எடுக்கிறோம்.