ஐம்பது மில்லியன் டொலர உதறிட்டுப் போன டேவ் ஷப்பெல்: மானஸ்தனா, இல்ல ஆள் பாத்து அடிக்கிறவரா?

தலவாக்கலை_தம்பி:
வேற வேற பேச்சுக்கு நடுவுல இந்த ஆள் பேரு வந்து வந்து சண்டையாகுது, அதனால தனியாவே போட்டுர்றேன். தெரியாதவங்களுக்கு சுருக்கமா: டேவ் ஷப்பெல், அமெரிக்காவுல கருப்பின கொமெடியன், 1973ல வாஷிங்டன்ல பொறந்தவர். 2003 ஜனவரில கொமெடி சென்ட்ரல் சேனல்ல தன் பேர்லயே ஷோ தொடங்கினாரு. மொத எபிசோட்லயே ஒரு கண்ணு தெரியாத ஆள் வருவாரு, தான் கருப்பினத்தவன்னே தெரியாம வெள்ளை இனவெறிக் கூட்டத்துக்கு பெரிய எழுத்தாளரா இருப்பாரு, எந்த சேனல் இப்பிடி ஒண்ண போடும் சொல்லுங்க. மொத சீசன் டிவிடி டீவி ஷோக்கள்லயே ரெக்கோர்ட் அடிச்சு வித்துச்சு. அடுத்து ஐம்பது மில்லியன் டொலர்னு பெரிய ஒப்பந்தம் பேசினாங்க.

2005ல மூணாவது சீசன் பாதி ஷூட்டிங்ல, ஷோ எடுக்கிற ஆளுங்களுக்குக் கூட சொல்லாம ஃப்ளைட் ஏறி தென்னாபிரிக்கா போய்ட்டாரு. பைத்தியம்னாங்க, போதைன்னாங்க. காரணம் என்னன்னு அவரே பின்னாடி சொன்னாரு. மூஞ்சில கருப்பு மை பூசிக்கிட்டு ஒரு குட்டிப் பிசாசு வேசம் போட்டு ஒரு ஸ்கிட் எடுத்திருக்காங்க, அங்க இருந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் அதப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சிருக்காரு, அந்த சிரிப்பு இவருக்கு வயித்தப் பெரட்டிருச்சு. நான் எதுக்கு போட்ட ஜோக்குக்கு இவன் எதுக்கு சிரிக்கிறான்னு. அந்த ஒத்த சிரிப்புக்காக அவ்வளவு காசயும் விட்டுட்டு போன மனுசன். மலையகத்துல பொறந்தவனுக்கு இது புரியலன்னா வேற யாருக்கு புரியப்போகுது?

பண்டாரவளை_அக்கா:
தம்பி, 2005ஓட நிப்பாட்டினா எல்லாரும் மானஸ்தந்தான். மிச்சத்த நான் சொல்றேன். திரும்ப 2017ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்தாரு, நல்ல காசுக்கு. 2021 அக்டோபர்ல 'தி குளோசர்' வந்துச்சு, அதுல திருநங்கைகள வச்சு ஜோக்குக்கு மேல ஜோக்கு. நெட்ஃபிளிக்ஸ்லயே வேல செய்றவங்க அந்த மாசம் 20ம் திகதி வேலைய விட்டுட்டு வெளிய வந்து நின்னாங்க. இப்ப நான் கேக்குறது ஒண்ணுதான். ஒருத்தன் தப்பா சிரிச்சான்னு நாட்டையே விட்டுப் போனவரு, தன்னோட ஜோக்க கேட்டு ஹோல் நெறைய ஆளுங்க அதே தப்பான சிரிப்பு சிரிக்கிறப்ப எந்த ஃப்ளைட் ஏறினாரு? அவரோட ஆளுங்கள பாத்து சிரிச்சா வலிக்குது, அடுத்தவன பாத்து சிரிச்சா அது கலை, அப்பிடித்தானே?

கொட்டகலை_மச்சான்:
அக்கா முழுசா பாத்தீங்களா இல்ல யாராச்சும் வெட்டி ஒட்டினத பாத்தீங்களா? அதுல கடைசியில அவரோட கூட்டாளி ஒரு திருநங்கை கொமெடியன் பத்தி எவ்வளவு மனசோட பேசுறாரு. கொமெடியன்னா எல்லாரயும் அடிக்கணும், ஒருத்தர விட்டு ஒருத்தர அடிச்சாதான் பாரபட்சம். அந்த மனுசன் அதுக்கு பட்டதும் கொஞ்சமில்ல, 2022 மே மாசம் ஹொலிவூட் போல் மேடையிலயே ஒருத்தன் ஓடி வந்து பாஞ்சான், கையில வச்சிருந்தது துவக்கு மாதிரி செஞ்ச சாமான், உள்ள கத்தி. ஒரு ஜோக்குக்கு அதான் பதிலா?

பண்டாரவளை_அக்கா:
அடிச்சது சரின்னு நான் எங்க சொன்னேன் மச்சான்? பேச்ச மாத்தாதீங்க. கூட்டாளி ஒருத்தர் இருக்காருன்னு காட்டுறது பழைய வித்த. நம்ம ஆளுங்கள கேவலமா பேசுறவங்க எல்லாரும் "என் ஒபிஸ்லயும் ஒரு எஸ்டேட் பொண்ணு வேல செய்யுது, தங்கமான புள்ள"ன்னு சொல்லித்தான் தொடங்குவாங்க.

பழைய_கணக்கப்பிள்ளை:
ஒரு நாளைக்கு 1000 ரூவா சம்பளத்துக்கு எத்தன வருசம் கத்துனோம், நாம இருக்கிற லயத்து வீட்டு கூரத் தகரம் காத்துக்கு பறக்குது, இங்க உக்காந்து அமெரிக்கா கோடீஸ்வரனுக்கு வக்கீல் ஆகுறீங்க. நல்லா இருங்க.

தலவாக்கலை_தம்பி:
ஐயா வாங்க, உங்களத்தான் காணமேன்னு பாத்தேன். நீங்க சொன்னதுலயே விசயம் இருக்கு. காசுள்ளவன் காச விட்டுட்டுப் போறது அபூர்வம், அதனாலதான் பேசுறோம்.

மஸ்கெலியா_மிஸ்:
நான் ஒண்ணு சொல்லவா, ரொம்ப நாளா மனசுல கெடக்குறது. கொழும்புல ஒரு கம்பனில வேல செஞ்ச காலத்துல வருசக் கடைசி பார்ட்டி. மேடையில ஒரு பையன், பொம்பள வேசம், இடுப்புல படங்கு கட்டி, தலையில கயிறு மாட்டி முதுகுல கூடைய தொங்கவிட்டு வந்து நம்ம பேச்ச இழுத்து இழுத்து பேசுறான். "ஏங்க தொரெ, கொழுந்து எடுக்கவாங்க, உங்கள எடுக்கவாங்க"ன்னு. ஹோலே அதிருது. எனக்கு பக்கத்துல இருந்த மெனேஜர் கண்ணுல தண்ணி வர சிரிச்சிட்டு என்ன திரும்பிப் பாத்து "நீங்க அந்தப் பக்கம்தானே, கரெக்டா செய்றான்ல?"ன்னு கேட்டாரு. நானும் சிரிச்சு வச்சேன், வேற என்ன செய்ய.

பெரிய கூத்து என்னன்னா அந்தப் பையன் நம்ம ஆளு. பொகவந்தலாவ பக்கம், அவன் அம்மா இன்னைக்கும் கொழுந்து எடுக்க மலைக்குப் போறவங்க. அவன் அத வீட்டுல அம்மாவுக்கு முன்னால செஞ்சிருந்தா அந்த அம்மாதான் மொதல்ல சிரிச்சிருப்பாங்க, அவ்வளவு தத்ரூபம். அதே வேசம் அந்த ஹோல்ல வேற ஒண்ணா மாறிருச்சு. ஷப்பெல் அந்த செட்ல பாத்தது இதத்தான்னு எனக்கு தோணுது. அதனால 2005 விசயத்துல நான் தம்பி பக்கம். அக்கா கேட்டது வேற, அதுக்கு அவருகிட்ட பதில் இல்லன்னுதான் நெனைக்கிறேன்.

கொட்டகலை_மச்சான்:
மிஸ் கோவிக்காதீங்க, ஆனா இந்த கணக்குல போனா யாருமே எதையுமே செய்ய ஏலாது. அந்தப் பையனுக்கு மேடையும் கைதட்டலும் கெடச்சிச்சே, அதப் பாக்க மாட்டீங்களா? எவன் எப்பிடி சிரிப்பான்னு பாத்து பாத்து ஜோக் எழுதினா வானிலை அறிக்கைதான் வாசிக்கணும். ஷப்பெலுக்கும் அப்பிடித்தான், பாட்டுக்காரர் ரிக் ஜேம்ஸா நடிச்ச அந்த ஸ்கிட் ஹிட்டான பொறவு எங்க போனாலும் அதே வசனத்த கத்தி தொல்ல, அவரு புள்ளைங்களோட போற எடத்துலயும். 2004ல சக்ரமென்டோவுல மேடையில இருக்கிறப்ப சனம் அதையே கத்திக்கிட்டு இருந்ததுக்கு கோபப்பட்டு, இந்த ஷோ என் வாழ்க்கையையே நாசமாக்குதுன்னு சொல்லி எறங்கிப் போனாரு. அதாவது கோபம் வெள்ளைக்காரன் சிரிப்புல மட்டும் இல்ல, புகழ் தலைக்கு மேல போயிருச்சு. அத பெரிய இனமானக் கதையா ஆக்குறது நாமதான்.

தலவாக்கலை_தம்பி:
மச்சான் ரெண்டும் ஒண்ணுதானே. சனம் ஜோக்க விட்டுட்டு வசனத்த மட்டும் புடிச்சிக்கிட்டாங்கன்னுதான் அங்கயும் கோபம். அவரு அம்மா யாருன்னு பாருங்க, கொங்கோவோட மொத பிரதமர் லுமும்பா அரசாங்கத்துக்கு வேல செஞ்சவங்க, பெரிய படிப்பு. அப்பா ஒஹாயோவுல அன்டியோக் கொலேஜ்ல படிப்பிச்சவரு. அப்பிடி ஒரு வீட்டுல வளந்தவனுக்கு மூஞ்சில மை பூசிக்கிறது சும்மா மேக்கப் இல்ல. அவரு இன்னும் அப்பா இருந்த அந்த யெல்லோ ஸ்பிரிங்ஸ்ங்குற சின்ன ஊர்லதான் பொண்டாட்டி, மூணு புள்ளைங்களோட தோட்டம் வச்சு இருக்காரு. ஹொலிவூட் பங்களா இல்ல. முஸ்லிமா மாறினவரு, அதையும் விளம்பரம் பண்ணல.

பண்டாரவளை_அக்கா:
யெல்லோ ஸ்பிரிங்ஸ் பேர எடுத்ததுக்கு நன்றி தம்பி, நானே எடுக்க இருந்தேன். 2022 பெப்ரவரி, அந்த ஊர் கவுன்சில் கூட்டம். புதுசா வீடு கட்டுற திட்டம் ஒண்ணு, அதுல கொஞ்ச காணி வசதி குறைஞ்சவங்க வீட்டுக்குன்னு ஒதுக்கியிருந்தாங்க. இவரு மைக்க புடிச்சு இத விட்டா நான் ஊர்ல போட இருக்கிற ரெஸ்டூரன்ட், கொமெடி கிளப் எல்லாத்தயும் தூக்கிருவேன்னு மெரட்டினாரு. கவுன்சில்ல அந்தத் திட்டம் பாஸாகல. ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப் பத்திரம் கெடைக்காம தலைமொறை தலைமொறையா லயத்துல கெடக்குற நாம, இந்த ஆள ஏழைக்கு குரல் குடுக்குற ஆளுன்னு தூக்கி வைக்கணுமா?

தலவாக்கலை_தம்பி:
அக்கா அதுல இன்னொரு பக்கம் இருக்கு. அது மொத்தமா நூத்துக்கு மேல வீடு கட்டுற கம்பனிக்காரன் திட்டம், அந்த மலிவு வீட்டுக்குன்னு குடுத்தது ரெண்டு ஏக்கருக்கும் குறைவு. அவரு எதிர்த்தது கம்பனித் திட்டத்த, ஏழை வீட்ட இல்லன்னு அவரு பக்கத்து ஆளுங்க சொன்னாங்க.

பண்டாரவளை_அக்கா:
அந்தத் திட்டம் பாஸாகாததோட அந்த ரெண்டு ஏக்கரும் போச்சா இல்லயா? போச்சு. அவ்வளவுதான்.

பழைய_கணக்கப்பிள்ளை:
இந்த இடத்துல பொம்பளப்புள்ள சொல்றது சரி. காணி விசயம் வந்தா எல்லாப் பெரிய மனுசனும் தொரதான்.

கொட்டகலை_மச்சான்:
சரி காணிய விடுங்க. நம்ம நாட்டுக்கு வாங்க. 2023 மே மாசம் நதாஷா எதிரிசூரிய, ஸ்டேண்ட் அப் செய்ற பொண்ணு, ஒரு ஷோவுல புத்தர் பத்தி சொன்ன ஜோக்குக்காக கட்டுநாயக்க எயார்போர்ட்ல வச்சே புடிச்சாங்க. ஐசிசிபிஆர் சட்டம், அதாவது குடியியல் அரசியல் உரிமைகள் பத்தின சர்வதேச உடன்படிக்கைக்காக 2007ல கொண்டு வந்தது, சிறுபான்மையள பாதுகாக்கன்னு சொன்ன அதே சட்டம். ஒரு மாசத்துக்கு மேல உள்ள இருந்துட்டு ஜூலையிலதான் பிணை கெடச்சது. அந்த வீடியோவ யூடியூப்ல போட்ட சேனல்காரரயும் புடிச்சாங்க. இப்ப அக்கா சொல்ற மாதிரி "இந்த ஜோக் வலிக்குது, அதனால கூடாது"ன்னு தொடங்கினா முடியிறது அங்கதான். எனக்கு புடிக்காத ஜோக்கயும் காப்பாத்தணும்னு நான் நிக்கிறது இதுக்குத்தான்.

பண்டாரவளை_அக்கா:
நதாஷாவ உள்ள போட்டதுக்கு எதிரா நானும் போஸ்ட் போட்டேன், வேணும்னா தேடிப் பாருங்க. உள்ள போடுறது வேற, காறித் துப்புறது வேற. ஷப்பெல யாராச்சும் உள்ள போட்டாங்களா? கொமெடிக்குன்னு இருக்கிற மார்க் ட்வைன் பரிசு குடுத்தாங்க, 2019ல. அப்பறம் பேச்சுச் சுதந்திரம் பேச்சுச் சுதந்திரம்னு மேடைக்கு மேடை கத்தினவரு 2025ல சவூதியில ரியாத் கொமெடி ஃபெஸ்டிவல்ல போய் மேடை ஏறினாரு. அங்க ராஜ குடும்பத்தயும் மதத்தயும் தொடக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதியிருந்தத வேற ஒரு கொமெடியனே வெளிய போட்டாங்க. வர மாட்டேன்னு மறுத்தவங்களும் இருந்தாங்க. சவூதி பத்திரிகைக்காரர் கஷோக்ஜிய 2018 அக்டோபர் 2ம் திகதி கொன்னாங்களே, அந்த நாளும் அந்த ஃபெஸ்டிவலுக்குள்ளயே வந்துச்சு. நதாஷாகிட்ட ஐம்பது மில்லியனும் இல்ல, ஒஹாயோவுல தோட்டமும் இல்ல. ரெண்டு பேரயும் ஒரே தராசுல போடாதீங்க.

தலவாக்கலை_தம்பி:
ரியாத்துக்கு நான் வக்கீலா நிக்கல. ஆனா தராசுன்னதும் ஞாபகம் வருது. எங்க தோட்டத்துல மாசி மாசம் காமன் கூத்துல ஒரு பபூன் வருவாரு, பகல்ல மருந்தடிக்கிற வேல. கையில ஒரு சிரட்டைத் தராசு. ஒரு பக்கம் கொழுந்து, மறுபக்கம் ஒண்ணுமே இல்ல, அப்பவும் கொழுந்துப் பக்கம் மேல நிக்கும். "தண்ணிக்கு ரெண்டு கிலோ வெட்டு, கூடைக்கு ரெண்டு, கணக்கப்பிள்ள ஐயா பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டதுக்கு ஒண்ணு, இந்தா உனக்கு அரப் பேரு, அர நாள் சம்பளம்தான்"ன்னு எழுதுவாரு. முன்னால கதிரை போட்டு உக்காந்திருக்கிறதே கணக்கப்பிள்ளைதான். சனம் அவரு மூஞ்சியப் பாத்துப் பாத்து சிரிக்கும். மறுநாள் காலையில வேல பிரிக்கிற பிரட்டுல அந்த பபூனுக்கு என்ன மலை குடுப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஆனாலும் செய்வாரு. ஷப்பெல் ஷோவோட மொத ரெண்டு சீசன் எனக்கு அந்த பபூன்தான். அத யாரும் எங்கிட்ட இருந்து புடுங்க ஏலாது.

மஸ்கெலியா_மிஸ்:
தம்பி நல்லா சொன்னீங்க, ஆனா ஒண்ண விட்டுட்டீங்க. அவரு விட்டுட்டுப் போன அந்த மை பூசின ஸ்கிட், 2006ல சேனல்காரன் 'தொலைஞ்ச எபிசோடுகள்'னு பேர் வச்சு போட்டுட்டான். அவரோட நடிச்ச கூட்டாளிங்களே முன்னால நின்னு நடத்திக் குடுத்தாங்க. அவரு போனதால ஒண்ணும் நிக்கல. பொறவு 2020ல எனக்கு காசு குடுக்காம என் ஷோவ ஓட்டுறாங்க, பாக்காதீங்கன்னு ரசிகருக்கு சொன்னாரு, நெட்ஃபிளிக்ஸ் எடுத்துட்டாங்க, அடுத்த வருசம் காசு வந்ததும் திரும்ப வந்துருச்சு. அந்த பபூன்கிட்ட இருந்து தராச யாரும் வாங்கி வித்ததில்லயே.

பழைய_கணக்கப்பிள்ளை:
அந்த ஸ்கிட் கிட் எனக்குத் தெரியாது. தராசு வெளாட்டு தெரியும், எல்லாத் தோட்டத்துலயும் செய்வானுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன், தண்ணிக்கு ரெண்டு கிலோ வெட்டச் சொன்னது நானில்ல, மேல இருந்து வந்த ஓடர். செக்ரோல்ல, அதான் சம்பளப் பதிவுல, எழுதினது மட்டும்தான் என் கை.

பண்டாரவளை_அக்கா:
அத எழுதும்போது சிரிச்சீங்களா இல்லயா ஐயா, அத மட்டும் சொல்லுங்க.