டர்போ பெட்ரோல் கார்: நம்ம ரோட்டில் மைலேஜ் எவ்வளவு?

புதுச்சேரி, கடலூர் நண்பர்களுக்கு வணக்கம். குடும்பத்தோடு போகவும் வேண்டும், ஓட்டினால் விறுவிறுப்பாகவும் இருக்க வேண்டும் என்று 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 150 குதிரைத்திறன். லேசாக மிதித்து ஓட்டும்போது நான்கில் இரண்டு சிலிண்டர் தானாக நின்றுவிடும். ஈசிஆரில் சீராகப் போகையில் அது கைகொடுக்கும், சரி. ஆனால் என் ஓட்டம் தினமும் முத்தியால்பேட்டையிலிருந்து மஞ்சக்குப்பம். காலையில் இந்திரா காந்தி சிலை, அரியாங்குப்பம், தவளக்குப்பம் என்று ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் லிட்டருக்கு எவ்வளவு தரும்?

கம்பெனி சொல்லும் கணக்கும் மீட்டரில் காட்டுவதும் வேண்டாம். டேங்கை ஃபுல் பண்ணி, ஓட்டி, மறுபடி ஃபுல் பண்ணிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ப்ளீஸ். அப்பா இன்னும் டீசல்தான் என்கிறார், அவரிடம் காட்ட வேண்டும்.