பத்தமடைப் பாய்க்கு இணையதளம் போட்டோம், தேடினால் வரவில்லை. எதைப் பார்க்க வேண்டும்?

கோரைப்பாய்_பத்தமடை:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி பக்கம் பத்தமடை எங்கள் ஊர். உம்மாவும் பெரியம்மாவும் பட்டுப் பாய் நெய்கிறார்கள். கல்யாணப் பாய்க்குத்தான் அதிகம் கேட்பார்கள். மாப்பிள்ளை, பெண் பெயரையும் கல்யாணத் தேதியையும் பாயிலேயே நெய்து கொடுப்போம். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து நெய்கிற வேலை. ஆனால் இடையில் கைமாறிக் கைமாறிப் போவதால் நெய்தவருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வீட்டுக்கே வந்து வாங்குபவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்.

நேரடியாக விற்கலாம் என்று டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வாங்கி, பழக்கமான தம்பி ஒருவரிடம் சொல்லி, தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளம் போட்டோம். முகவரியை அடித்தால் நன்றாகத் திறக்கிறது. கூகுளில் ஊர் பெயரையும் பாயையும் சேர்த்துத் தேடினால் பெரிய விற்பனைத் தளங்கள், செய்திகள், சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் என்ற தகவல் எல்லாம் வருகின்றன. நாங்கள் இல்லை. எங்கள் தளத்தின் பெயரையே முழுசாக அடித்தாலும் இல்லை.

தளத்தில் முகப்பு, எங்களைப் பற்றி, பாய் வகைகள், விலை, தொடர்புக்கு என்று பக்கங்கள் உள்ளன. விலைப்பட்டியல் பிரஸ்ஸில் அடித்த நோட்டீஸ், அதையே படமாகப் போட்டிருக்கிறோம். ‘எங்களைப் பற்றி’ எழுதியதும் அதே பிரஸ்காரர் டைப் செய்து கொடுத்ததுதான்.

இப்போது அடிக்கடி போன் வருகிறது. மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் முதல் பக்கத்தில் முதல் இடம் உறுதி என்கிறார்கள். உம்மா கட்டிப் பார்க்கலாமே என்கிறார். கட்டலாமா? அதற்கு முன் நாங்களே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

கடைவீதி:

கூகுள் ஆட்ஸில் சின்னதாக விளம்பரம் ஓட்டிப் பாருங்கள், உடனே ஆள் வருவார்கள். பணம் நிறுத்தினால் வரவும் நிற்கும், அது தெரிந்தே செய்யுங்கள். விளம்பரம் கொடுப்பதால் சாதாரணத் தேடல் முடிவில் தளம் மேலே ஏறாது. இரண்டும் தனித்தனி.

நொய்யல்கரை:

தங்கச்சி, தளங்களைத் தேடலில் வரவைக்கிற வேலையைத்தான் கோவையில் பல வருஷமாகச் செய்கிறேன். கைத்தொழில் செய்பவர்கள் தளம் போட்டுவிட்டு யாரும் வரவில்லை என்று மூடிவிடுவதை நிறையப் பார்த்துவிட்டேன். உங்களுடையது அப்படி ஆகக் கூடாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தளத்தின் பெயரை அடித்தும் வரவில்லை என்றால், கூகுளின் பட்டியலிலேயே அது ஏறவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். பட்டியலில் ஏறுவது ஒரு வேலை. ஏறிய பிறகு ஆட்கள் கண்ணில் படுவது வேறு வேலை. முதலாவது முடியாமல் இரண்டாவதுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

கூகுள் பெட்டியில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு கோலன் வைத்து, இடம் விடாமல் உங்கள் டொமைனைப் போட்டுத் தேடுங்கள். ஒரு பக்கமும் வரவில்லை என்றால் வேர்ட்பிரஸ் உள்ளே போய் செட்டிங்ஸ், அதில் ரீடிங். அடியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்கிற ஒரு பெட்டி இருக்கும். தளம் கட்டும்போது அரைகுறையாக வெளியே தெரிய வேண்டாம் என்று அதில் டிக் போட்டு வைப்பது வழக்கம், நல்ல பழக்கமும்கூட. வேலை முடிந்ததும் எடுக்க வேண்டும், அது விட்டுப்போகும். டிக் இருக்கும்வரை ஒவ்வொரு பக்கத்திலும் ‘நோஇன்டெக்ஸ்’ என்ற குறி போய் உட்கார்ந்துவிடும். கூகுள் வந்து பார்த்தாலும் அதைப் படித்துவிட்டுத் திரும்பிவிடும்.

இதற்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாகவே சைட்மேப், அதாவது தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குச் சொல்லும் பட்டியல், போடுகிறது. உங்கள் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ‘டபிள்யூபி-சைட்மேப் டாட் எக்ஸ்எம்எல்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் பட்டியல் திறக்க வேண்டும். அந்த டிக் இருந்தால் சைட்மேப்பும் அணைந்துவிடும், 404, அதாவது பக்கம் இல்லை, என்று வரும். இரண்டும் சேர்ந்து நடந்தால் நோய் பிடிபட்டது.

டிக்கை எடுத்த பிறகு கூகுள் சர்ச் கன்சோலில் கணக்குத் தொடங்குங்கள். தளம் கூகுள் தேடலில் எப்படி இருக்கிறது என்று சொந்தக்காரருக்குக் காட்டும் கருவி அது, இலவசம்தான். தளம் உங்களுடையது என்று நிரூபிக்க டிஎக்ஸ்டி ரெக்கார்டு என்று ஒரு வரி எழுத்து தருவார்கள், டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (டொமைன் அமைப்புகள்) பகுதியில் அதை ஒட்ட வேண்டும். கணக்கு உங்கள் மெயிலில் இருக்கட்டும். தம்பியைக் கூடுதல் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம், சொந்தக்காரர் நீங்களாகவே இருங்கள். அப்புறம் சைட்மேப் முகவரியை அங்கே கொடுங்கள். முகப்பையும் பாய் வகைகள் பக்கத்தையும் மேலே உள்ள பெட்டியில் தனித்தனியாகப் போட்டு, இன்டெக்ஸ் செய்ய, அதாவது பட்டியலில் ஏற்ற, கேளுங்கள். இதற்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு, ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப அழுத்தினால் சீக்கிரம் நடக்காது. சில நாளிலும் வரலாம், சில வாரமும் ஆகலாம். சைட்மேப் மாறியது என்று கூகுளுக்குத் தகவல் தட்டி ‘பிங்’ செய்யுங்கள் என்று பழைய யூடியூப் வீடியோக்களில் சொல்வார்கள். அந்த வசதியை கூகுள் 2023இலேயே நிறுத்த முடிவெடுத்துவிட்டது.

இனி இரண்டாவது வேலை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

‘பாய்’ என்ற ஒரு சொல்லுக்கு நீங்கள் பெரிய விற்பனைத் தளங்களோடு மோத முடியாது, மோதவும் வேண்டாம். பெண் வீட்டார் ராத்திரி உட்கார்ந்து போனில் என்ன அடிப்பார்கள்? கல்யாணப் பாய், பெயர் போட்ட பாய், பத்தமடைப் பாய் விலை, சீர் வரிசைப் பாய். தமிழிலும் அடிப்பார்கள், ஆங்கில எழுத்தில் தமிழையும் அடிப்பார்கள். கல்யாணப் பாய்க்கு என்று தனிப் பக்கம் போடுங்கள். வீட்டுக்கு வருபவர்கள் உம்மாவிடம் கேட்கிற கேள்விகள்தான் அந்தப் பக்கம். பெயரில் எத்தனை எழுத்து வரை பிடிக்கும், தமிழ் எழுத்தும் நெய்வீர்களா, ஆங்கிலம் மட்டுமா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், அளவு என்ன, மடிக்கலாமா சுருட்டித்தான் வைக்க வேண்டுமா, ஈரம் பட்டால் என்ன செய்வது, கூரியரில் எப்படிக் கட்டி அனுப்புவீர்கள். உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுங்கள். வாங்கி விற்கிற தளங்களால் இதை எழுத முடியாது, அவர்களுக்குத் தெரியாது.

பக்கத்தின் தலைப்பு ‘முகப்பு’ என்று இருந்தால் மாற்றுங்கள். ‘பத்தமடைக் கல்யாணப் பாய், பெயர் நெய்து தரப்படும்’ என்பது போல இருக்கட்டும். விலைப்பட்டியலைப் படமாகப் போடாமல் எழுத்தாக அடியுங்கள். பாய்ப் படங்களை போனில் எடுத்த பெரிய அளவிலேயே ஏற்றாமல் சுருக்குங்கள், ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை, அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிற வரி, எழுதுங்கள். இந்த மாதிரிப் பொருளைப் படம் பார்த்துத் தேடுகிறவர்கள் அதிகம்.

போனில் கேட்கிறவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள். முதல் இடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. பக்கத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கீவேர்ட் மெட்டா டேகில் நூறு தேடல் சொல் போட்டுத் தருகிறோம் என்பார்கள். வலைத் தேடலில் அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009இலேயே சொல்லிவிட்டார்கள். விலைக்கு லிங்க் வாங்கித் தருகிறோம் என்றால் அது விதிமீறல், பின்னால் தளத்துக்கே கேடு. உங்களிடம் பாய் வாங்கிய யாராவது கைத்தறி, கல்யாணம் பற்றி எழுதுகிறவராக இருந்தால் ஒரு வரி எழுதி லிங்க் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படி வருகிற ஒன்று போதும்.

அச்சுக்கோர்ப்பு:

நான் மதுரையில் டிடிபி (அச்சுக்குக் கணினியில் டைப் செய்து பக்கம் அமைக்கிற) வேலை செய்கிறவன். பிரஸ்காரர் டைப் செய்து கொடுத்தது என்றீர்கள், அங்கே எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் தொழிலில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த எழுத்துருவையே தளத்தில் ஏற்றியிருந்தால் பார்க்கிறவருக்குத் தமிழாகத்தான் தெரியும், கூகுளுக்குத் தெரியாது. சோதிக்க எளிய வழி: அந்தப் பக்கத்தில் ஒரு வரியை காப்பி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே விழுந்தால் அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து, கவலை இல்லை. பாமினி என்றால் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாக விழும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வரி வரியாகப் படியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

தென்பொருநை:

நானும் நெல்லைதான். இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்குக்கு உள்ள பிங் வெப்மாஸ்டர் டூல்ஸிலும் சேருங்கள். சர்ச் கன்சோல் இருந்தால் அங்கிருந்து அப்படியே இறக்கிக்கொள்ளலாம். டக்டக்கோ, யாஹூ ஆகிய தேடுபொறிகளின் முடிவுகளில் பெரும்பகுதி பிங்கிலிருந்துதான் வருகிறது. அப்புறம், வீட்டுக்கு வந்து வாங்குகிறார்கள் என்றால் கூகுள் தேடலிலும் மேப்பிலும் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் போட வழி இருக்கிறது. இணையத்தில் மட்டும் விற்பவர்களுக்கு அது கிடையாது. போர்டு, தெரு, தறி எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ எடுக்கச் சொல்லி சரிபார்ப்பார்கள். தொழில் பெயரில் ‘மலிவு விலை, சிறந்த பாய்’ என்று சேர்க்காதீர்கள், போர்டில் இருக்கிற பெயர்தான் இருக்க வேண்டும்.

கோரைப்பாய்_பத்தமடை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நொய்யல்கரை அண்ணே, நீங்கள் சொன்ன இடத்தில் டிக் இருந்தது, சைட்மேப்பும் 404தான். எடுத்ததும் சைட்மேப் திறந்தது. சர்ச் கன்சோலில் என் மெயிலிலேயே சேர்த்துவிட்டேன். இப்போது தளத்தின் பெயரை அடித்தால் முகப்பு வருகிறது. ‘எங்களைப் பற்றி’ பக்கம் பாமினியேதான், வாட்ஸ்அப்பில் ஒட்டியதும் உம்மாவுக்கே புரிந்துவிட்டது. திரும்ப டைப் செய்கிறேன். போன் செய்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லியாச்சு.

கல்யாணப் பாய்ப் பக்கத்துக்கு உம்மா சொல்லச் சொல்ல எழுதினேன், நினைத்ததைவிட நீளமாக வந்திருக்கிறது. ஒரு சந்தேகம். பக்கத்தின் முகவரி தமிழ்த் தலைப்பிலிருந்தே தானாக வருகிறது, அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக நீளமாகப் போகிறது. விட்டுவிடலாமா?

நொய்யல்கரை:

நல்ல செய்தி, தங்கச்சி. நீளமாக வந்தால் வரட்டும், வெட்டாதீர்கள்.

தமிழ் முகவரியை கூகுள் படிக்கும், அதில் தப்பு இல்லை. ஆனால் வேர்ட்பிரஸ் அந்த இடத்துக்கு 200 குறிதான் ஒதுக்கியிருக்கிறது. தமிழில் ஒவ்வொரு குறியும் உள்ளே ஒன்பதாக விரியும், புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் கணக்கு. 22 குறி தாண்டினால் முகவரி நடுவில் அறுந்துவிடும். வெளியிடும் முன் ஆங்கில எழுத்தில் ‘கல்யாணப் பாய்’ என்று இடையில் சிறுகோடு போட்டு மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே பட்டியலில் ஏறிய பக்கம் என்றால் முகவரியை மாற்றும்போது பழையதிலிருந்து புதியதற்குத் தானாகவே திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் போடச் சொல்லுங்கள், தம்பிக்குத் தெரிந்திருக்கும். பக்கம் ஏறியதும் இங்கே சொல்லுங்கள், படித்துப் பார்க்கிறேன்.